வீடு பழுதுபார்க்க நகராட்சிக் கடன்: கையெழுத்துப் போடுமுன்

அமெரிக்க நகரங்கள் பழைய வீடுகளைச் சரிசெய்யத் தரும் கடனில் பெரும்பங்கு சிடிபிஜி, ஹோம் என்ற மத்திய நிதிகளிலிருந்து வருகிறது. குடும்ப வருமானம் அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தில் 80 சதவீதத்துக்குள் இருப்பதே பொதுவான தகுதி.

'தள்ளிவைத்த கடன்' என்றால் மாதத் தவணை கிடையாது. அதை இலவசம் என்று நினைத்துவிடுகிறார்கள்! வீட்டின் மேல் அடமானம் பதிவாகும். விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ பாக்கியைக் கட்டச் சொல்வார்கள். சில நகரங்களில் குறித்த ஆண்டுகள் அங்கேயே குடியிருந்தால் தள்ளுபடி உண்டு. எது பொருந்தும் என்பதைப் பத்திரத்தில் பாருங்கள், வாய்ச்சொல் செல்லாது.

செலவை ஏற்றுவது பெரும்பாலும் ஈயப் பெயின்ட்தான், அதாவது உடலுக்குக் கேடான ஈயம் கலந்த பழைய பெயின்ட். 1978-க்கு முன் கட்டிய வீட்டில், சீரமைப்புக்கான மத்திய உதவி 25,000 டாலரைத் தாண்டினால் தற்காலிகத் தடுப்பு போதாது. ஈய ஆபத்தை நிரந்தரமாக நீக்கவோ மூடவோ வேண்டும். 24,000-க்குப் போட்ட மதிப்பீடு, ஜன்னலைக் கழற்றியதும் மரச்சட்டம் உளுத்திருப்பது தெரிந்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே பெயின்ட் பரிசோதனையை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒப்பந்தப்புள்ளி கேளுங்கள். கூடுதல் வேலை எதுவானாலும் நகராட்சியின் எழுத்து ஒப்புதல் வந்த பிறகே தொடங்கட்டும். இல்லையென்றால் அந்தப் பில் உங்கள் தலையில்தான்.