லெந்து நாட்குறிப்பு: மாயமும் சுண்ணாம்பும்

மார்ச் 5, 2025, புதன்

லெந்து என்ற தவக்காலம் இன்று தொடங்குகிறது. கத்தோலிக்கக் கோயில்களில் இன்றைய நற்செய்தி வாசகம் மத்தேயு 6. உபவாசம் வெளியே தெரியாதபடி தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு என்கிறது வேதம். அதை வாசித்த கையோடு நெற்றியில் சாம்பல். அதுவும் போன வருஷக் குருத்தோலையை எரித்து எடுத்த சாம்பல். கேலி செய்ய எளிது, செய்யக்கூடாது. சாம்பல் பூசுகிற அன்றைக்கே அந்த வசனத்தையும் காதில் போடுகிறார்களே, அதுவே பெரிய நேர்மை.

மார்ச் 7

ஞாயிறு பள்ளியில் மாய்மாலம் பற்றிய முதல் பாடத்திலேயே பழைய பைபிளின் சொல்லைத் தீர்த்துவிட வேண்டும். ‘மாயக்காரர்’ என்றால் பிள்ளைகளுக்கு மேஜிக் செய்கிறவர். கிரேக்கத்தில் ஹுப்போக்ரிட்டேஸ், அதாவது முகமூடி மாட்டி மேடையில் நிற்கும் நடிகன். நாடகக்காரனுக்கு அது வசவு அல்ல, தொழிற்பெயர். புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘வெளிவேடக்காரர்’ என்று போட்டிருப்பது அந்த மேடைக்கு இன்னும் பக்கம். ஆனால் பழைய திருப்புதலில் வேறொரு லாபம் இருக்கிறது. 1 தீமோத்தேயு 1:5-ல் ‘மாயமற்ற விசுவாசம்’, ரோமர் 12:9-ல் ‘அன்பு மாயமற்றதாயிருப்பதாக’. கிரேக்கத்திலும் அப்படித்தான்: அதே நடிகன் என்ற சொல்லுக்கு முன்னால் ‘அன்’ சேர்த்து அன்-ஹுப்போக்ரிட்டோஸ். நடிக்காத விசுவாசம். பைபிளை மாற்றினால் இந்த முடிச்சு கைவிட்டுப் போய்விடும். ஆகவே இரண்டு பைபிளும் மேசையில் இருக்கட்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பாடம் கேட்ட எல்லோருக்கும் பக்கத்து பெஞ்சுதான் ஞாபகம் வந்தது.

மார்ச் 11

மத்தேயு 6:6. ‘உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’. மூலத்தில் தமேயோன், சரக்கு வைக்கும் உள்ளறை. நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் நெல்லும் பாத்திரமும் நகையும் இருக்கும் இருட்டறையை அரங்குவீடு என்பார்கள். கூத்து நடக்கிற இடத்துக்கும் அரங்கு என்றுதான் பெயர். ஒரே சொல்லுக்குள் மேடையும் இருக்கிறது, பூட்டிய அறையும் இருக்கிறது. இதை வகுப்பில் சொன்னால் போதும், விளக்கப் போனால் கெட்டுவிடும்.

மார்ச் 15, சனி

யூத நாட்காட்டியில் இன்று ஆதார் 15. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்த நாள். பரிசேயரை, அதாவது யூதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொண்ட பிரிவினரைப் பார்த்து இயேசு சொன்ன ‘வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளுக்கு ஒப்பாயிருக்கிறீர்கள்’ (மத்தேயு 23:27) என்ற வசனத்தை நம் ஊரில் கற்பிக்கும்போது ஒரு கோளாறு நடக்கிறது. நமக்குக் கல்லறைக்கு வெள்ளையடிப்பது நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தின வேலை: புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவது. அன்பினால் செய்வது. அதனால் பிள்ளைகளுக்கு அந்த வசனத்தின் கொடுக்கு தைக்காது. ‘அழகாகத்தானே இருக்கும், அதில் என்ன தப்பு’ என்பார்கள்.

அங்கே நோக்கம் வேறு. எண்ணாகமம் 19:16-ன்படி பிரேதக்குழியைத் தொட்டவன் ஏழு நாள் தீட்டு. பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போகிறவன் வழியில் தெரியாமல் ஒரு கல்லறையை மிதித்துவிட்டால் நிசான் 14-ஆம் தேதிப் பஸ்கா அவனுக்கு இல்லை, அடுத்த மாதம் 14 வரை காத்திருக்க வேண்டும் (எண்ணாகமம் 9:10, 11). மாரிக்கால மழையில் பழைய பூச்சு கரைந்து போயிருக்கும். அதனால் பஸ்காவுக்கு ஒரு மாதம் முன்பே ஆள் போய் மறுபடி குறி வைப்பார்கள். சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது என்று முறையையே மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதாவது வெள்ளை என்றால் ‘கிட்டே வராதே’.

அப்படியானால் மத்தேயு ஏன் ‘புறம்பே அலங்காரமாய்க் காணப்படும்’ என்கிறது? எச்சரிக்கைப் பலகையை யாராவது அலங்காரம் என்பார்களா? லூக்கா 11:44-ல் இதற்கு நேர்மாறு: அடையாளமே இல்லாத ‘மறைந்திருக்கிற பிரேதக்குழிகள்’, மேலே நடக்கிறவனுக்குத் தெரியாது. லூக்காவை விளங்கிக்கொள்ள சிரமமில்லை. மத்தேயுதான் விடமாட்டேன் என்கிறது.

மார்ச் 16

வெந்தயம் இல்லை. சதகுப்பை.

மார்ச் 18

நேற்று முன்தினம் எழுதியதை விரித்து வைக்கிறேன். மத்தேயு 23:23-ல் ‘ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும்’ தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை. ஒற்தலாம் புதினா, போர்த்துக்கீசியச் சொல் வழியாக வந்தது. நடுவில் வெந்தயம் என்று இருப்பது மூலத்தில் அனேத்தோன், சதகுப்பை. உபாகமம் 14:23 கேட்பது தானியம், திராட்சரசம், எண்ணெய். கீரைக்கட்டு வரைக்கும் அதை நீட்டியது பின்வந்த போதகர்கள். சதகுப்பையில் இலைக்கு மட்டுமா, விதைக்குமா, காய்க்குமா என்று மிஷ்னாவில் வாதமே இருக்கிறது.

பாடம் வழக்கமாகச் சறுக்குவது இங்கேதான். சின்ன விஷயம் வேண்டாம், பெரிய விஷயம் போதும் என்று முடித்துவிடுகிறோம். வசனம் அப்படி முடியவில்லை: ‘இவைகளையும் செய்யவேண்டும், அவைகளையும் விடாதிருக்கவேண்டும்’. தசமபாகக் கவரில் பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறவரைக் கிண்டலடிக்க இதில் இடமே கிடையாது. அவர் வீட்டு வேலைக்காரிக்குச் சம்பளம் சரியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்த வசனத்தில் கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள். கொசு வடிகட்டுவது கற்பனை இல்லை. திராட்சரசத்தைத் துணியில் வடிப்பார்கள், பூச்சி விழுந்தால் தீட்டு. ஒட்டகமும் தீட்டுப் பட்டியலில் உண்டு (லேவியராகமம் 11:4). அரமேயத்தில் பூச்சி கல்மா, ஒட்டகம் கம்லா. சிரிப்பு அந்த ஓசையில் இருந்திருக்கும் என்பார்கள்.

மார்ச் 21

லூக்கா 18-ன் பரிசேயனும் ஆயக்காரனும் (வரி வசூலிப்பவன்) ஜெபம்பண்ணும் நாடகம் வேண்டாம். எப்போதும் ஒன்றேதான் நடக்கும். பஞ்சுத் தாடி வைத்த பரிசேயன் சிரிப்பு வாங்குவான். மார்பில் அடித்துக்கொள்ளும் ஆயக்காரன் கைதட்டல் வாங்குவான். யார் உருக்கமாக அழுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. தாழ்மையை நன்றாக நடித்ததற்கு!

அதற்குப் பதில் டம்ளர், பாத்திரத்தின் வெளிப்புறத்தை மட்டும் சுத்தமாக்குவது பற்றிய மத்தேயு 23:25-க்கு. இரண்டு எவர்சில்வர் டம்ளர், இரண்டிலும் சனிக்கிழமைக் காலைக் காப்பியின் அடி மண்டி. ஒன்றை வெளியே மட்டும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்ப்பது, மற்றதை உள்ளே மட்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டிலும் தண்ணீர் ஊற்றி, எதில் குடிப்பீர்கள் என்று கேட்டு நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி டம்ளர் கூடாது, வெளியிலிருந்தே உள் அழுக்கு தெரிந்துவிடும்.

மார்ச் 24, திங்கள்

லூக்கா 18-ன் பரிசேயன் வாரத்தில் இரண்டுதரம் உபவாசித்தது திங்களும் வியாழனும். திதக்கே என்ற ஆதிச்சபைக் கையேட்டின் 8-ஆம் அதிகாரம் சொல்கிறது: மாயக்காரரோடு உபவாசிக்காதீர்கள், அவர்கள் திங்களும் வியாழனும், நீங்கள் புதனும் வெள்ளியும். கிழமையை மாற்றினால் மாய்மாலம் போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் நமக்கும் உண்டே.

மார்ச் 29

விதவையின் இரண்டு காசு. நாற்பது காணிக்கைப் பிரசங்கம் கேட்டாலும் ஒன்றாவது முந்தின வசனத்தைத் தொடுவதில்லை. மாற்கு 12:40: ‘விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம்பண்ணுகிறார்கள்’. அடுத்த வரியில் ஒரு விதவை வருகிறாள். அவளைப் புகழ்வதா, அவளை அந்த நிலையில் விட்ட ஆலயத்தைப் பார்ப்பதா? இரண்டும்.

கணக்கு: இரண்டு காசு ஒரு துட்டு, 64 துட்டு ஒரு பணம், ஒரு பணம் நாள்கூலி. இன்று நாள்கூலி 800 ரூபாய் என்று வைத்தால் அவள் போட்டது 12 ரூபாய் 50 காசு.

ஏப்ரல் 1

மனுஷர் பார்க்கத் தர்மம் செய்கிறவர்களைப் பற்றி மத்தேயு 6:2: ‘தங்கள் பலனை அடைந்து தீர்ந்தது’. கிரேக்கத்தில் அபெகோ. எகிப்தின் பாப்பிரஸ் ரசீதுகளில் ‘முழுதும் பெற்றேன்’ என்று எழுதும் சொல். கணக்கு பைசல். மின்விசிறி இறக்கையில் ‘உபயம்’ என்று பெயர் எழுதினால் அது ரசீது. காற்று வரும்தான். பாக்கி ஏதும் வராது.

ஏப்ரல் 4

அனனியா சப்பீராள் (அப்போஸ்தலர் 5). நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவிட்டு, முழுதும் கொடுத்ததாகக் காட்டிச் செத்த தம்பதி. செத்தது பணத்தை வைத்துக்கொண்டதற்கு அல்ல, பொய்க்கு. ‘விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?’ பாதி கொடுத்துப் பாதி என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாதிப் பாடத்தில் ‘பரிசேயப் பயலே’ என்ற வசவு கேட்டது. இதற்கு நானும் பொறுப்பு. நிக்கொதேமு பரிசேயன். அப்போஸ்தலர்களை விட்டுவிடச் சொன்ன கமாலியேல் பரிசேயன். ஏரோது கொல்லப் பார்க்கிறான், போய்விடும் என்று வந்து சொன்னவர்களும் பரிசேயர் (லூக்கா 13:31). ஏழு வகைப் பரிசேயரை யூதரின் தல்மூது நூலே நக்கலடிக்கிறது: புண்ணியத்தைத் தோளில் சுமந்து காட்டுகிறவன், பெண்ணைப் பார்க்கமாட்டேன் என்று கண்ணை மூடிச் சுவரில் மோதி ரத்தம் வடிக்கிறவன். தன் வீட்டை இப்படிப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்களை நாம் பொம்மையாக்கி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் முதல் வேலை இது.

ஏப்ரல் 10

மழை. சுண்ணாம்பு.

ஏப்ரல் 12, சனி

நிசான் 14. நாளை குருத்தோலை. ஓலையை நனைத்த சாக்கில் சுருட்டியாகிவிட்டது, இல்லாவிட்டால் காலைக்குள் வாடும்.

மத்தேயு 23:27-ஐ மறுபடி பார்த்தேன். ஒருவேளை அடித்தவர்களே மறந்திருக்கலாம். எச்சரிக்கையாகத் தொடங்கின வெள்ளை, வருஷாவருஷம் அடித்து அடித்து, வெயிலில் பளிச்சென்று தூரத்திலிருந்து பார்க்க அழகாகிவிட்டிருக்கலாம். அப்படியானால் லூக்காவும்…