அன்னபூரணி போன கடல்

எட்டாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில் வாஸ்கோ ட காமா வந்தார், கொலம்பஸ் வந்தார், மகெல்லன் வந்தார். யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் ஊர் வல்வெட்டித்துறை வரவில்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் எங்கள் சரித்திர சேர். ஒருநாள் பாடம் முடியும் நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "தம்பிமார், உங்கடை ஊர்க் கப்பல் அமெரிக்காவுக்குப் போனது தெரியுமோ?" என்று கேட்டார். ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் சொல்லும் கதைகளில் அதுவும் ஒன்று என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கதையல்ல, நடந்தது. அன்னபூரணி எங்கள் கடற்கரையில் எங்கள் ஊர் மேத்திரிமார், அதாவது கப்பல் கட்டும் தச்சர்கள், கட்டிய பாய்க்கப்பல். நீளம் 89 அடி. சிறு படகொன்றில் ஏற்கெனவே உலகைச் சுற்றி வந்திருந்த அமெரிக்கக் கடலோடி வில்லியம் ரொபின்சன் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். தண்டையல், அதாவது கப்பல் தலைவர், கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் ஊரவர் சிலரும் அதைச் செலுத்திக்கொண்டு போனார்கள். சேர் வெண்கட்டியால் பாதையைக் கீறிக் காட்டினார். ஏடன், சூயஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர். அட்லாந்திக் வந்ததும் கரும்பலகையில் இடம் போதவில்லை, சுவரில் தொடர்ந்தார். பெர்மியூடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். (இங்கே இங்கிலாந்தில் இருக்கும் குளொஸ்டர் அல்ல, பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கவனம்.) அந்தச் சுவரில் வெண்கட்டிக் கோடு நெடுநாள் அழியாமல் இருந்தது.

அமெரிக்கப் பயணம் ஒருமுறை நடந்த அதிசயம். ஆனால் அந்தக் கப்பலைக் கட்டும் கைப்பழக்கமும் ஓட்டும் துணிவும் அன்றாட வியாபாரத்தில் வந்தவை. நாகப்பட்டினம், கொச்சி, பர்மாவின் ரங்கூன், அக்யாப் எல்லாம் எங்கள் பாட்டன்மாருக்குப் பக்கத்து ஊர் மாதிரி. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் வந்தன. யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குப் போனது. அம்மம்மா வீட்டுக் கூரை பிரித்து வேய்ந்தபோது ஓடுகளைக் கைமாற்றிக் கொடுத்தவன் நான். ஒவ்வொரு ஓட்டின் முதுகிலும் மலையாளக் கரை ஓட்டுத் தொழிற்சாலையின் முத்திரை பதிந்திருந்தது. கடல் கடந்து வந்த கூரையின் கீழேதான் நாங்கள் படித்தோம், உறங்கினோம். 1942இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கடல்வழி அடைபட்டது. எங்கள் ஊர் இழந்தவற்றுள் பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முந்திய சாட்சியாக ஒரு கல்வெட்டு யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவு அம்மன் கோயிலில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் போன எல்லோரும் அம்மனைக் கும்பிட்டு அன்னதானத்துக்கு ஓடினோம், கல்வெட்டைப் பார்க்கவில்லை. அது பன்னிரண்டாம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை. பரதேசி வணிகர், அதாவது பிறநாட்டு வணிகர், ஊராத்துறையில், அதாவது ஊர்காவற்றுறையில், வந்திறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. அப்புறம் உடைந்த கப்பல்களின் கணக்கு வருகிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் கால் பங்குதான் அரசனுக்கு, மீதி முக்கால் பங்கும் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிவந்தது உடைந்தால் பாதிக்குப் பாதி. யானையும் குதிரையும் அரசனுக்கு வேண்டியவை, அவற்றைக் கொண்டுவருபவன் நட்டப்பட்டு ஓடிவிடக் கூடாதே. சிங்கள அரசனின் இந்தக் கட்டளை தமிழில் வெட்டப்பட்டிருக்கிறது. அந்தத் துறைமுகத்தில் வியாபாரம் பேசிய மொழி தமிழ் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

போர்த்துக்கீசர் 1619இலும் ஒல்லாந்தர் 1658இலும் வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த கதையைப் பரீட்சைக்காகப் பாடமாக்கினோம், அதை விடுவோம். 1816இல் வந்த அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1823இல் அவர்கள் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக் கூடத்தைத் தொடங்கினார்கள். பின்னர் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களையும் தமிழில் ஆக்கினார். மசாசூசெட்ஸில் பிறந்தவர் அவர். அவர் புறப்பட்டு வந்த அதே மாநிலத்துக்குத்தான் அன்னபூரணி போய்ச் சேர்ந்தது.

இங்கே நம் பிள்ளைகளிடம் ஊரைப் பற்றிக் கேட்டால், போர், அகதி விண்ணப்பம், 1983 கலவரம் என்றுதான் தொடங்குகிறார்கள். பிழை சொல்ல மாட்டேன், அந்த வலி உண்மை. ஆனால் நம் வெளிநாட்டுச் சரித்திரம் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் தொடங்கவில்லை. பாட்டன்மார் காற்றுப் பார்த்துப் பாய் விரித்துப் போனார்கள், சரக்கோடு திரும்பி வந்தார்கள். திரும்பி வரும் வழி அடைபட்டதுதான் நம் தலைமுறைக்கு நேர்ந்தது. இரண்டையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இந்த மலரை வெளியிடும் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தண்டையல்மார், மேத்திரிமார் குடும்பத்துப் பிள்ளைகள் நம்மில் பலர் இருக்கிறோம். இடம்பெயர்ந்தபோது கொண்டுவந்த பழைய படங்கள், கப்பல் கணக்குக் கொப்பிகள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள் யாரிடமாவது இருந்தால், அவற்றைப் பிரதியெடுத்து அடுத்த மலரில் போடுவோம். கல்லூரி நூலகத்துக்கும் ஒரு தொகுதி அனுப்புவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் அது கிடைக்கட்டும்.