மார்ச் 4ஆ ஏப்ரல் 3ஆ?
களுவாஞ்சிக்குடியில மாமாட நெல்லுக் கணக்க எக்செல்ல ஏத்திக்கொண்டு இரிந்தன், ஏப்ரல் 3 எண்டு நினைச்சு 03/04/2024 அடிச்சா அது மார்ச் 4ஆப் போய் நிக்கிது, 25/04/2024 அடிச்சா திகதியாவே எடுக்காம வெறும் எழுத்து மாதிரி இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிக்கிது. கம்பியூட்டர் அமெரிக்கா முறையில இரிந்திரிக்கி, அமெரிக்காக்காரனுக்கு மாசம்தானே முன்னுக்கு! விண்டோஸ் செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போய் நாட்ட ஸ்ரீலங்காவா மாத்தினன், ஒண்டும் நடக்கல்ல. மறுகாதான் விளங்கினது, நாடு வேற, கீழ இரிக்கிற ரீஜனல் ஃபார்மட் வேற, திகதி நேரம் காசுக்குறி எல்லாம் அதுலதான் இரிக்கி. அதையும் தமிழ் ஸ்ரீலங்கா எண்டு வச்சன், நாள் முன்னுக்கு வந்திட்டு.

ஆனா ஏற்கனவே பிழையா ஏறினது தானாத் திரும்பாது கா, ஒவ்வொண்டாத் திருத்தினன். மாமா பக்கத்துல இருந்து, "கொப்பியில எழுதியிருந்தா எப்பவோ முடிஞ்சிரிக்கும் மருமகன்" எண்டாரு.