டிக்கெட் எந்தத் தேதிக்கு?

ஆடி பிறந்துவிட்டால் திருப்பூரில் பாதி பனியன் கம்பெனிகளின் கேட்டில் ஒரு போர்டு தொங்கும். 'ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள், செக்கிங், கைமடி ஆட்கள் உடனடியாகத் தேவை.' ஓவர்லாக்கும் பேட்லாக்கும் பனியன் தைக்கிற மெஷின் வகைகள், கைமடி என்றால் கையால் மடிக்கிற வேலை. சிலர் அந்த போர்டை வருஷம் முழுக்கக் கழற்றுவதே இல்லை. என் கேட்டிலும் ஒன்று இருக்கிறது, மழையில் நனைந்து 'உடனடியாக' மட்டும் அழிந்துபோய்.

போன வாரம் புதிதாக யூனிட் போட்டிருக்கிற சொந்தக்காரத் தம்பி ஒருவன் வந்து, "சீசனுக்கு மட்டும் ஆள் எப்படிண்ணா எடுக்கறீங்க?" என்று கேட்டான். டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக அது இல்லை. பாதியில் போன் வந்து எழுந்து போய்விட்டேன். மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், அவனும் படிப்பான்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரன் இல்லை. பதினெட்டு மெஷின், நிரந்தரமாகப் பதினாறு பேர், திருப்பூர் காதர்பேட்டை மொத்தச் சந்தை வியாபாரிகளுக்கு டிசர்ட்டும் டிராக் பேன்ட்டும் அடித்துக் கொடுக்கிற உள்நாட்டு யூனிட். வருஷத்தில் ஒன்பது மாதம் இந்தப் பதினாறு பேருக்கு வேலை காட்டுவதே பெரும்பாடு, பாதி மெஷினுக்குத் துணி போர்த்தித்தான் வைத்திருப்பேன். தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதம் மட்டும் எல்லா வியாபாரிக்கும் ஒரே நாளில் சரக்கு வேண்டும். தீபாவளிச் சரக்கு ஒரு வாரம் தள்ளிப் போனால் அதைப் பொங்கலுக்குத்தான் விற்கவேண்டும், அதுவும் அவன் கேட்கிற விலைக்கு. அதனால் அந்த மூன்று மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுதலாக வேண்டும்.

முதல் தடவை, 2022-இல், எல்லாரும் செய்வதையே செய்தேன். கான்ட்ராக்டரைப் பிடித்தேன். "பன்னெண்டு டைலர் இறக்கறேன், நீங்க மெஷினை மட்டும் காட்டுங்க" என்றார். அட்வான்ஸ் 40,000 ரூபாய். பீஸ் ரேட், அதாவது ஒரு பீஸ் அடித்தால் இவ்வளவு என்கிற கூலி, அவரிடம் பேசுவது, ஆட்களுக்கு அவர் கொடுப்பது, நடுவில் அவர் எவ்வளவு எடுக்கிறார் என்று நான் கேட்கக்கூடாது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆள் பெயர் தெரிய வேண்டாம், ஊர் தெரிய வேண்டாம், சனிக்கிழமை ஒரே ஆளிடம் ஒரே கவர்.

வந்தது ஏழு பேர். மூன்றாம் நாள் நான்கு பேரைக் காணோம். அடுத்த தெருவில் ஒரு கம்பெனியில் பீஸுக்கு 25 பைசா சேர்த்துக் கொடுக்கிறார்கள் என்று அதே கான்ட்ராக்டர்தான் அங்கே கொண்டுபோய் இறக்கியிருக்கிறார், அங்கேயும் ஒரு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு. எஞ்சிய மூன்று பேரில் ஒருவனுக்குத்தான் பேட்லாக் ஒழுங்காக வந்தது, மற்ற இருவரும் அடித்ததில் தையல் விட்டுப்போன பீஸ் அவ்வளவு. பிரித்துத் திரும்ப அடித்து, அதிலும் துணி ஓட்டை விழுந்து, கடைசியில் வியாபாரி பில்லில் கழித்ததைச் சேர்த்துப் பார்த்தால் அந்த ஆர்டரே எடுக்காமல் இருந்திருக்கலாம்.

ஆனால் அதுகூடப் பெரிதில்லை. அந்த ஒழுங்காக அடித்த பையன், ஒடிசாக்காரன், சீசன் முடிகிற சனிக்கிழமை என் டேபிள் முன்னால் வந்து நின்றான். "அண்ணா, காசு வரல. மூணு வாரம்." நான் கொடுத்துவிட்டேனே என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை, நின்றுகொண்டே இருந்தான். கான்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. ஆடிட்டரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "கான்ட்ராக்டர் குடுக்காட்டி நீங்கதான் குடுக்கோணுங்க, 1970-ல வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துலயே அது இருக்குது" என்றார். இருபது பேருக்குக் கீழே இருந்தால் அந்தச் சட்டம் வராது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். "அந்தப் பையன் உங்க மெஷின்லதான உக்காந்து அடிச்சான்?" என்று ஒரே கேள்வி கேட்டார். இரண்டாவது முறையாக அதே சம்பளத்தைக் கொடுத்தேன். (2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களையெல்லாம் நான்கு தொகுப்பாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், ஆள் கணக்கு வரம்பெல்லாம் மாறியிருக்கிறது. கான்ட்ராக்டர் ஏமாற்றினால் கூலி நம் தலையில்தான் என்பது மட்டும் மாறவில்லை.)

அடுத்த வருஷம் நானே நேரடியாக எடுப்பது என்று இறங்கினேன். அதில் செய்த தப்புகள் வேறு ரகம்.

முதல் தப்பு, டைலர்களை மட்டும் எடுத்தது. மெஷின் ஓடினால் சரக்கு வெளியே போய்விடும் என்று நினைப்பு. ஐந்து டைலர் கூடியதும் நான்காம் நாள் பார்த்தால் செக்கிங் மேசையில் மலை மாதிரிக் குவிந்து கிடக்கிறது. நூல் வெட்ட ஆள் இல்லை, அயர்னிங்குக்கு ஒரே ஆள், பேக்கிங்குக்கு என் மனைவியும் நானும். ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை எட்டரையிலிருந்து ராத்திரி எட்டரை வரை டைலர்கள் அடித்துத் தள்ளுகிறார்கள், நாங்கள் அதற்கப்புறம் உட்கார்ந்து விடிய விடிய மடிக்கிறோம். இப்போதெல்லாம் மூன்று டைலர் எடுத்தால் கூடவே செக்கிங், கைமடிக்கு இரண்டு பேர் எடுத்துவிடுவேன். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பது சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு, நம்பாதே தம்பி. கறையும் ஓட்டையும் கண்ணில் படுகிற செக்கிங் அக்கா கிடைப்பது நல்ல பேட்லாக் டைலர் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது தப்பு கொஞ்சம் வெட்கமான விஷயம். புதிதாக வருகிறவர்கள் ஓடிவிடக்கூடாது என்று பீஸுக்கு 25 பைசா கூடுதலாகப் பேசிவிட்டேன். ரகசியம் என்றுதான் நினைத்தேன். பனியன் கம்பெனியில் ரேட் ரகசியமாக இருந்த சரித்திரம் உண்டா? மறுநாள் டீ நேரத்தில், ஓவர்லாக் அடிக்கிற அக்கா மெஷினை ஆஃப் செய்துவிட்டு வந்து நின்றார்.

"ஏனுங், நேத்து வந்தவனுக்கு ஒரு ரேட்டு, பதினோரு வருசமா இந்த மெஷின்ல உக்காந்திருக்கற எனக்கு ஒரு ரேட்டுங்களா?"

"சீசனுக்கு மட்டும்தாங்கக்கா..."

"அப்ப நானும் சீசனுக்கு மட்டும் வந்துக்கறனுங்க."

பதில் இல்லை என்னிடம். அன்றைக்கே எல்லாருக்கும் ஒரே ரேட் என்று சொல்லிவிட்டேன், ஏற்றியதை இறக்க முடியாது என்பதால் பதினாறு பேருக்கும் ஏறியது. இப்போது புது ஆட்களுக்கு ரேட்டில் கை வைப்பதே இல்லை. பேசிய கடைசி சனிக்கிழமை வரை இருந்தால் தனியாக ஒரு தொகை, அது போர்டில் எழுதி ஒட்டியிருக்கும், அக்கா உட்பட எல்லாரும் படிக்கலாம். நடுவில் போகிறவர்களுக்கு அந்தத் தொகை இல்லை, ஆனால் அடித்த பீஸுக்கு அன்றைக்கே கணக்கு முடித்துவிடுவேன். 'கணக்கைப் பிடித்து வைத்தால் ஆள் நிற்பான்' என்று சில பேர் சொல்வார்கள். நிற்பான், ஆனால் அவன் அடிக்கிற பீஸைப் பார்த்தால் போயிருக்கலாம் என்று தோன்றும்.

அப்புறம் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. பத்துப் பேருக்கு மேல் இருப்பதால் என் யூனிட் ஏற்கெனவே பதிவாகித்தான் இருந்தது, பழைய பதினாறு பேருக்கும் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். சீசன் ஆட்களைச் சேர்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு எதற்கு என்ற அலட்சியம்தான், வேறு காரணம் சொல்வதற்கில்லை. 2023 செப்டம்பரில் திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கச்சிக்கு ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் ஏறி உள்ளேயே உடைந்துவிட்டது. தனியார் ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே, சின்ன ஆபரேஷன், மூன்று வாரம் வேலை இல்லை. எல்லாச் செலவும் நான்தான், கொடுக்கவேண்டியதும் நான்தான். அந்தப் பெண்ணின் பெயரை முதல் நாளே ஆன்லைனில் ஏற்றியிருந்தால் வைத்தியமும் அங்கே, வேலைக்கு வராத நாளுக்குக் கூலியில் 90 சதவீதமும் அங்கே. வேலையில் அடிபட்டால் இத்தனை நாள் பணம் கட்டியிருக்கவேண்டும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. கூலியில் நம் பங்கு 3.25 சதவீதம், அவர்கள் பங்கு 0.75. மாதம் 21,000 வரை வாங்குகிறவர்கள் எல்லாரும் வருவார்கள், டைலர்களில் பெரும்பாலானவர்கள் அதற்குள்தான். "பிடித்தம் வேண்டாம்ணா, கையில கொடுங்க" என்று அவர்களே சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதே.

போனஸும் அப்படித்தான். கணக்கு ஆண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால் போனஸ் உண்டு, அவர் சம்பாதித்த கூலியில் குறைந்தது 8.33 சதவீதம். சீசனுக்கு வந்து ஐம்பது அறுபது நாள் அடித்தவர்களுக்கு இது தெரியாது, தெரிந்த முதலாளிகள் வாயைத் திறப்பதில்லை. நானும் இரண்டு வருஷம் திறக்கவில்லை.

வயசு விஷயம் ஒன்று. அண்ணன் ஆதார் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு தம்பி வந்து நிற்பான், போட்டோவைப் பார்த்தாலே தெரியும். பதினெட்டு முடியாதவர்களை நான் எடுப்பதில்லை, கைமடிக்குக்கூட. அழுதாலும் சரி.

இனி நான் உண்மையிலேயே சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆள் எடுக்கும்போது எல்லாரும் கேட்பது, என்ன மெஷின் ஓட்டுவாய், முன்னால் எங்கே வேலை பார்த்தாய். நான் முதலில் கேட்பது, ஊருக்கு டிக்கெட் எந்தத் தேதிக்கு. நம் தேனிக்காரர், மதுரைக்காரர் எல்லாம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் கிடைக்கிற பஸ்ஸில் ஏறிக்கொள்வார்கள். பீகார், ஜார்க்கண்ட் ஆட்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வருகிற சட் பூஜைதான் பெரிய பண்டிகை, அதற்கு வீட்டில் இருந்தாகவேண்டும், ஆலப்புழா – தன்பாத் ரயிலில் இரண்டு ராத்திரிக்கு மேல் பயணம். அவர்கள் கிளம்புகிற தேதியை டிக்கெட்தான் முடிவு செய்யும், என் ஆர்டர் அல்ல. முன்பு 120 நாளுக்கு முன்னால் பதிவு செய்யலாம் என்பதால் ஆடியிலேயே கையில் டிக்கெட்டோடு வருவார்கள், கேட்டதும் சொல்லிவிடுவார்கள். 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாளாகக் குறைத்துவிட்டதால் இப்போது வேலைக்குச் சேரும்போது டிக்கெட் இருக்காது. அதனால் பதிவு திறக்கிற தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அன்று காலை எட்டு மணிக்கு என் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நானே போட்டுக் கொடுத்துவிடுகிறேன். பணம் அவர்களுடையது, தேதி இரண்டு பேரும் பேசி வைத்தது. கடைசி லோடு எந்த நாள் என்பதை அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் வைத்து வியாபாரியிடம் ஒப்புக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கண்டுபிடித்த ஒரே உருப்படியான நிர்வாக முறை இதுதான்.

புது ஆளுக்கு முதல் மூன்று நாள் பாதி உற்பத்திதான் வரும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். மெஷின் பழக வேண்டும், நம் சைஸ் பழக வேண்டும், பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரிய வேண்டும். அந்த மூன்று நாளும் பீஸ் ரேட் போட்டால் கையில் ஒன்றும் நிற்காது, அப்போதுதான் அடுத்த தெரு கூப்பிடும். அதனால் முதல் மூன்று நாள் ஷிப்ட் சம்பளம், நான்காம் நாளிலிருந்து பீஸ் ரேட். போன வருஷம் வந்தவரே திரும்ப வந்தால் அந்த மூன்று நாள் மிச்சம். எனவே சீசன் முடிந்து போகும்போது பெயர், ஊர், மெஷின், போன் நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாங்கிவிடுவேன். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் சுற்றினபோது, ஹோலிக்குப் போகிறவர் யார், பயந்து போகிறவர் யார் என்று ஊரில் ஒருவருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு அந்த மாதிரி ஒரு நோட்டு என்னிடம் இல்லை. அந்த ஒடிசாப் பையனின் நம்பர் மட்டும்தான் இருந்தது. கூப்பிட்டேன், "இங்க ஒண்ணும் இல்லண்ணா, சும்மா" என்றான், சிரித்தான்.

அந்தப் பையன் அதற்கப்புறம் மூன்று சீசன் என்னிடம் வந்தான். தமிழ் இப்போது என்னைவிட நன்றாகப் பேசுவான். நேற்று இந்த வருஷ நோட்டைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் வருகிறேன் என்றார்கள், இரண்டு பேர் எடுக்கவில்லை, இரண்டு பேர் சூரத்தில் இருக்கிறார்களாம். கடைசியாக இவனைக் கூப்பிட்டேன்.

"நான் இப்ப அடிக்கறதில்லண்ணா. ஊர்ல இருந்து பசங்கள நானே கூட்டிட்டு வரேன். உங்களுக்குப் பத்துப் பேர் தரேன், நல்ல பசங்க. அட்வான்ஸ் மட்டும் ஒரு நாப்பது போட்டு விடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.