நாலாம் பக்கத்தில் நிற்கிற கிழவி

எனக்கு நகைக்கடன் கவுண்டரில் வேலை. ஜூனில் பள்ளிக்கூடக் கட்டணமும் கார் பருவ நெல் நடவும் சேர்ந்து வரும்போது மதியச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் அதே முகங்கள் நகையைத் திருப்ப வருவார்கள். அப்படி வந்த ஒரு கிழவியை வைத்துத்தான் கதை ஒன்று ஆரம்பித்தேன். மூன்று மாதமாக அவள் நாலாம் பக்கத்தில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“இதுக்கெல்லாம் ஒனக்கு எப்படி நேரம் கிடைக்கு?” என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். உண்மையில் வேலை என் கதையைத் தின்பதில்லை. பறவை பார்ப்பதும் வீட்டில் ஆடுகிற ஆட்டமும்தான் தின்கின்றன. பறவை தானாக வருகிறது. ஆட்டத்துக்கு ஆளும் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. கதையை மட்டும் நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

ஐந்தேகாலுக்கு எழுந்து அடுக்களை மேடையில் நோட்டை விரிப்பேன். ஐப்பசி பிறந்தால் அதற்கும் ஆபத்து. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கொல்லையில், சப்போட்டா மரத்தடிச் சருகை நான் கூட்டுவதில்லை. (பக்கத்து வீட்டு மயினிக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம்.) அந்தச் சருகைக் கிளறிப் புழு தின்ன ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிற பறவை. முதுகு பச்சை, அடிவயிறு சிவப்பு, வால் உண்டா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டை. பேருக்கு ஏற்ற மாதிரி ஆறு மணி வாக்கில் கூப்பிடும். நான் பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போவேன். அதோடு சரி. பின்னாலேயே தவிட்டுக்குருவிக் கூட்டம், வால்காக்கை, அப்புறம் குக்கர் விசில்.

ஒருநாள் நகைக்கடன் வவுச்சரின் பின்பக்கம் ‘செம்போத்து 2, கிணற்றடி’ என்று எழுதியிருந்தேன். மேனேஜர் அதைக் கொண்டுவந்து, “இது எந்த நகைம்மா?” என்று கேட்டார். நல்ல மனிதர், அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கல் லீவில்தான் இந்தக் கிறுக்குக்கு ஒரு மரியாதை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு 15 நிமிடம் எண்ணினால் போதும், கொல்லையிலேயே நின்றும் எண்ணலாம். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பொறாமை. அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு மரத்திலேயே கூடு கட்டுகின்றன. அதுகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது.

ஆட்டத்தின் கதை தனி. என் அத்தை, அதாவது மாமியார், தாயத்தில் பெரிய ஆள். பித்தளைக் கட்டையை உருட்டுகிற சத்தத்திலேயே எதிராளிக்கு வயிறு கலங்கும். சென்ற வருஷம் பெங்களூரிலிருந்து வந்த கொழுந்தன் மகன் ‘விங்ஸ்பான்’ என்ற பலகை விளையாட்டைக் கொண்டுவந்தான். 2019-இல் வந்தது. 170 பறவை அட்டைகள், எல்லாம் வட அமெரிக்காவில் காணப்படுகிறவை. அத்தைக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கௌபேர்டு அட்டை வரும் வரைக்கும். அது கூடு கட்டாது, அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும். ஆட்டத்திலும் எதிராளி முட்டை வைக்கும்போது, அந்த அட்டையை வைத்திருப்பவர் தன் வேறொரு பறவையின் கூட்டில் ஒரு முட்டை வைக்கலாம். “இது நம்மூர்க் குயிலுல்லா!” என்றார்.

அவன் ஊருக்குப் போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நானும் மகளும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி எங்கள் கொல்லைக்கு அட்டை செய்தோம். இதுவரை 31. காக்கை இறங்காமல் குயில் இறங்கக் கூடாது. செம்போத்து வந்தால் எதிராளிக்கு ஒரு முட்டை நஷ்டம். தவிட்டுக்குருவியை ஒற்றையாக இறக்கவே முடியாது. இந்த விதிகளுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த சண்டையில் நான் ஒரு குறுநாவலே எழுதியிருக்கலாம். கடைசியில் அத்தை தன் கட்டையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்: “தாயம் விழாம எப்படிட்டி பறவ இறங்கும்?” இப்போது அதுதான் முதல் விதி. ஆறுமணிக்குருவி அட்டை என் கையில் மூன்று வாரமாக இறங்காமல் கிடக்கிறது.

போன ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது. மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தபோது அத்தை கேட்டார்: “அந்தக் கிழவி வளையலத் திருப்பிட்டாளா?”

நோட்டை எப்போது படித்தார் என்று தெரியவில்லை. “இன்னும் இல்ல அத்தை. டோக்கன் வாங்கிட்டு நிக்கா.”

“காலு வலிக்கும்லா. ஒக்காரவாது சொல்லுட்டி” என்று கட்டையை உருட்டினார். இருட்டில் என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை தாயம் என்றார்.