மாதிரி எடுப்பதும் சாக்கடை மூடுவதும்

உணவகத்தில் சோதனை நடத்தி, கெட்டுப்போன கோழிக்கறியைக் கிலோக் கணக்கில் கொட்டி அழிக்கும் காட்சி செய்திச் சேனல்களுக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் உணவு பாதுகாப்புத் துறையின் உண்மையான வலு, யாரும் படம்பிடிக்க வராத மாதிரி எடுக்கும் வேலையில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

மளிகைக் கடை ஒன்றில் உணவு பாதுகாப்பு அலுவலர் நல்லெண்ணெய் மாதிரி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் அதற்குரிய விலையைக் கடைக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். வாங்கிய எண்ணெயை நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இறுக மூடி, தாள் சுற்றி, நூல் கட்டி, முத்திரை வைத்து, துறையின் மாவட்டப் பொறுப்பாளரான நியமன அலுவலரின் கையொப்பமும் குறியீட்டு எண்ணும் கொண்ட தாள் பட்டையை ஒட்டிய பிறகு, கடைக்காரரின் கையெழுத்து பாதி பட்டையிலும் பாதி உறையிலும் விழும்படி வாங்க வேண்டும். இடையில் யாராவது பிரித்திருந்தால் அந்தக் கையெழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அதை ஏற்காத வணிகர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தரக்குறைவு, லேபிளில் தவறான விவரம் போன்றவற்றுக்கு மாவட்ட வருவாய் அலுவலர் அபராதம் விதிக்கிறார். உடலுக்குக் கேடு விளைவிக்கும் உணவு என்றால் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போகிறது. பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் இந்த நடைமுறையில் ஓரிடத்தில் கோட்டைவிட்டாலும் வழக்கு ஆட்டம் கண்டுவிடும். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியைத் தொடர்ந்து தமிழகமும் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தபோது, அதற்கு அடிப்படையாக நின்றது, துணிக்கு ஏற்றும் ரோடமின் பி சாயம் அதில் கலந்திருப்பதை உறுதிசெய்த ஆய்வக முடிவுதான்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வரும்வரை, 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சிகளின் உணவு ஆய்வாளர்களும் இந்தப் பணியைப் பார்த்து வந்தார்கள். இப்போது அது மாநில ஆணையரின் கீழ் இயங்கும் தனித் துறையின் பொறுப்பு. மாற்றம் நல்லதே, கவுன்சிலரின் சொல்லுக்கு அஞ்ச வேண்டிய நிலை அலுவலருக்குக் குறைந்தது. ஆயினும் குடிநீர், குப்பை, கழிவுநீர் ஆகிய மூன்றும் உள்ளாட்சியிடமே தங்கிவிட்டன. உணவின் தூய்மையில் பெரும்பகுதி இந்த மூன்றில்தானே அடங்கியிருக்கிறது?

நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையில், கல்லாவுக்கு மேலே பதிவுச் சான்றிதழ் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. கண்ணாடித் தம்ளர்களை முக்கியெடுக்கும் பிளாஸ்டிக் வாளியோ, மூடியில்லாத சாக்கடையிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. வாளியை இடம் மாற்றச் சொல்லிக் கடைக்காரருக்கு மேம்பாட்டு அறிவிப்பு அனுப்பவும், அதை மதிக்காவிட்டால் பதிவை நிறுத்திவைக்கவும் சட்டத்தின் 32ஆம் பிரிவு வழிசெய்கிறது. சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி நகராட்சிக்கு அந்தத் துறை கடிதம்தான் எழுத முடியும்.