எஸ்டிமாவைச் சிங்கப்பூருக்குப் பழக்கிய வேலைகள்

வண்டி டொயோட்டா எஸ்டிமா, ஏசிஆர்50 மாடல், ஏழு பேர் உட்காரும் வேன். இன்ஜின் 2ஏஇசட்-எஃப்இ, 2,362 சிசி. கியர்பாக்ஸ் சிவிடி, அதாவது உள்ளே பெல்ட்டில் ஓடும் ஆட்டோ கியர். பேரலல் இம்போர்ட்டாக, அதாவது அதிகாரபூர்வ முகவர் வழியாக அல்லாமல் ஜப்பானிலிருந்து வந்தது. முதல் பத்து ஆண்டு முடிந்து சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருப்பதற்கான உரிமம்) புதுப்பித்தாயிற்று. வண்டியைப் பதிவிலிருந்து நீக்கும்போது திரும்பக் கிடைக்கும் பார்ஃப் தொகை அதோடு போயிற்று. சாலை வரியில் 10 சதவீதக் கூடுதல் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். கட்டாய வண்டிச் சோதனையும் இனி ஆண்டுக்கொரு முறை. விற்றுக் காசு பார்க்கும் கணக்கு முடிந்துவிட்டது, எஞ்சிய ஆண்டுகள் நன்றாக ஓடவேண்டும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் செய்த வேலைகள் இவை. எண்ணெய் தொடர்பான வேலைகள் எல்லாம் வொர்க்‌ஷாப்பில் நடந்தவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் அவற்றைச் செய்யக்கூடாது.

பக்கக் கதவு

மின்கதவு பாதிவழி போய்த் திரும்பி வருகிறது என்றதும் மோட்டாரை மாற்றச் சொல்பவர்கள் அதிகம். பெரும்பாலும் மோட்டார் குற்றவாளி அல்ல. ஸ்டியரிங் பக்கத்தில் உள்ள மின்கதவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைக் கையால் தள்ளிப் பாருங்கள். கனமாகவோ இழுத்து இழுத்தோ நகர்ந்தால் உருளைகளும் தண்டவாளமும் காரணம். லேசாக வழுக்கிக்கொண்டு போனால்தான் மோட்டார், கேபிள், சென்சார் பக்கம் பார்க்கவேண்டும்.

கதவுக்கு மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் உருளை உண்டு. நடு உருளை, பின்பக்கத் தகட்டில் வெளியே தெரியும் தண்டவாளத்தில் ஓடுவது, அதிகப் பாரம் தாங்குகிறது. அதன் பேரிங் தேய்ந்தால் கதவின் பின்முனை ஓரிரு மில்லிமீட்டர் இறங்கிவிடும். பூட்டின் நாக்கும் கொக்கியும் நேருக்கு நேர் வராது. மூடும் மோட்டார் இழுத்துப் பார்த்து, முடியாமல் திருப்பிவிடும். கதவைப் பாதி திறந்து பின்முனையைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும். எங்கள் வண்டியில் இடது நடு உருளையை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. வலது பக்கம் வெறும் அழுக்கு.

கீழ்த் தண்டவாளத்தில்தான் மணல், முறுக்குத் தூள், சில்லறைக் காசு எல்லாம் சேர்கிறது. முதலில் வேக்குவம், பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ், பிறகு டிகிரீசர் தொட்ட துணி. டிகிரீசரை நேராகத் தண்டவாளத்தில் அடிக்காதீர்கள். கேபிளில் உள்ள கிரீஸையும் கழுவிக்கொண்டு போய்விடும். துடைத்துக் காய்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ், விரலில் தொட்டுத் தடவும் அளவுக்கு மெல்லிய பூச்சு. கெட்டியாகப் பூசினால் அதே தூசியை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரே கிரீஸுக்கு மாற்று ஆகாது. ஒரு மாதம் நன்றாக ஓடும், பிறகு முன்பைவிட மோசம்.

பேட்டரி வலுவிழந்தாலும் கதவு தயங்கும். இரவு முழுவதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருக்கவேண்டும். 12.2-க்குக் கீழே போனால் கதவைத் திட்டாமல் பேட்டரியைப் பாருங்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் அது தாங்கினால் நல்ல பேட்டரி. பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் இரண்டு கதவையும் கையால் முழுக்க மூடிவிடவேண்டும். அப்போதுதான் கதவின் கணிப்பொறிக்குத் தொடக்கப் புள்ளி தெரியும். இதைச் செய்யாமல் கதவு கெட்டுவிட்டது என்று வொர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்கள் உண்டு.

ஒலி 96.8

ஜப்பானில் எஃப்எம் 76-இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. புதிய ரேடியோக்கள் 95 வரை எடுக்கும். சிங்கப்பூர் நிலையங்களில் பெரும்பாலானவை 90-க்கு மேலே. வண்டியோடு வந்த ரேடியோவில் இங்குள்ள தமிழ் வானொலியான ஒலி 96.8 கிடைக்கவே கிடைக்காது. அதற்கு மலிவான வழி பேண்ட் எக்ஸ்பாண்டர். ஆண்டெனா வயருக்கும் ரேடியோவுக்கும் நடுவில் மாட்டும் சின்னப் பெட்டி, வரும் அலைவரிசையிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கழித்து ரேடியோவுக்குக் கொடுக்கும்.

எந்த எண் என்பதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 14 கழிக்கும் பெட்டியில் ஒலி 82.8-இல் வரும், நல்லது. ஆனால் மலாய் நிலையமான ரியா 89.7 என்பது 75.7 ஆகிவிடும், ரேடியோவின் எல்லைக்கு வெளியே. 12 கழிப்பதாக இருந்தால் 88 முதல் 102 வரை உள்ளே வருகிறது: ஒலி 84.8, ரியா 77.7. இந்த ஊருக்கு 12 தான் பொருத்தம். 20 கழிப்பதில் ஒலி 76.8-இல் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதற்குக் கீழுள்ள நிலையங்கள் எல்லாம் போய்விடும்.

நாங்கள் கடைசியில் ரேடியோவையே மாற்றி ஆண்ட்ராய்டு திரை போட்டோம். ஜப்பானிய நேவிகேஷன் வரைபடம் இங்கே எதற்கும் உதவாது, மெனுவும் படிக்க முடியாது. டொயோட்டாவின் 10 முனைக் கப்ளரில் நீலத்தில் மஞ்சள் கோடு நிரந்தர 12 வோல்ட், சாம்பல் ஏசிசி (சாவியைத் திருப்பியபின் வரும் 12 வோல்ட்), பழுப்பு எர்த், பச்சை விளக்கு. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு இணையுங்கள். ஆண்டெனா கண்ணாடியில் உள்ள வண்டி என்றால் அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், அதற்கும் 12 வோல்ட் போகவேண்டும். இந்த ஒரு வயரை விட்டுவிட்டு, "புது ரேடியோ இழுக்கவில்லை" என்று குறைசொல்வது வழக்கமான தவறு.

ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் ஜப்பானியப் பெண்குரல் ஏதோ சொல்கிறதா? கார்டு செருகவில்லை என்கிறது அவர்கள் ஊர்ச் சுங்கக் கருவி. இங்கே அதற்கு வேலை கிடையாது. அதன் கப்ளரைக் கழற்றி முனையை டேப்பால் சுற்றிக் கட்டிவிட்டால் போதும், வயரை வெட்ட வேண்டாம்.

குளிர்

ஏசிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எவாப்பரேட்டர் (காற்றைக் குளிரவைக்கும் பகுதி). முன்னால் ஜில்லென்று பின்னால் மட்டும் வெதுவெதுப்பு என்றால் பின் பிளோயரையும் (காற்றை ஊதும் விசிறி) கேஸ் பாய்வதைக் கட்டுப்படுத்தும் பின் எக்ஸ்பான்ஷன் வால்வையும் பார்க்கவேண்டும். இரண்டும் சூடு என்றால் கேஸ் குறைந்திருக்கும். குறைந்த கேஸ் எங்கோ வழியாக வெளியே போயிருக்கிறது. அந்த இடத்தைத் தேடாமல் நிரப்பினால் சில மாதத்தில் மறுபடியும் அதே கதை.

வண்டியின் அடியில் பின்பக்கம் போகும் அலுமினியக் குழாய்களைத்தான் முதலில் பார்க்கவேண்டும். கேஸோடு கம்பிரசர் எண்ணெயும் கசியும், அந்த ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாக நிற்கும். எங்கள் வண்டியில் ஓர் இணைப்பில் அப்படி இருந்தது. குழாயும் ஓ-ரிங்கும் புதிது. அமைப்பைத் திறந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றவேண்டும். பம்பால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது குறைந்தது 30 நிமிடம், பிறகு பம்பை நிறுத்தி 15 நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆர்134ஏ கேஸை எடை பார்த்து, பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கே ஏற்றவேண்டும். எண்ணெய் என்டி-ஆயில் 8. குழாயைத் தொட்டுப் பார்த்து "போதும்" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இன்னொரு சோதனைக்குக் காசே வேண்டாம். நம் ஈரக்காற்றில் ஏசி 20 நிமிடம் ஓடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டியே ஆகவேண்டும். சொட்டவில்லை என்றால் வடிகுழாய் அடைத்திருக்கிறது. அந்தத் தண்ணீர் கார்ப்பெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிறு ஒரு துண்டு, கீழிருந்து மெதுவாக ஏற்றினால் அடைப்பு விழும்.

இன்ஜினும் கியர்பாக்ஸும்

2ஏஇசட் இன்ஜினில் டைமிங் செயின் என்பதால் பெல்ட் செலவு இல்லை. ஆனால் இந்தக் குடும்பத்து இன்ஜின்களில் சிலவற்றுக்கு எண்ணெய் குடிக்கும் பழக்கம் உண்டு. பிஸ்டனில் எண்ணெய் வழிந்து இறங்கும் துளைகள் சிறியவை. கரி அடைத்து ரிங் ஒட்டிக்கொள்கிறது. 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் பார்ப்பதைத் தவிர இதற்கு எளிய மருந்து கிடையாது. ஃபில்டரோடு மாற்றும்போது ஏறக்குறைய 4.3 லிட்டர் பிடிக்கும், 4 லிட்டர் டின் ஒன்று போதாது. 5டபிள்யூ-30 ஊற்றுகிறோம். வாட்டர் பம்பைச் சுற்றி இளஞ்சிவப்புப் படிவு தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள், காத்திருக்க வேண்டாம்.

சிவிடிக்கு டொயோட்டாவின் சிவிடி திரவம் டிசி (TC). சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயான ஏடிஎஃப் ஊற்றினால் சிவிடியின் பெல்ட் வழுக்கும். வடித்த திரவத்தை அளவுக் குடுவையில் அளந்து, அதே அளவு புதியதை ஊற்றி, கையேடு சொல்லும் வெப்பநிலையில் மட்டம் பார்க்கவேண்டும். ஒரு முறை வடித்தால் பாதிதான் வெளியே வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் நிற்கும். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்தோம்.

கண்ணாடியும் சக்கரமும்

முன்கண்ணாடிக்கும் முன்கதவுக் கண்ணாடிக்கும் குறைந்தது 70 சதவீத ஒளி ஊடுருவவேண்டும் என்பது விதி, பின்னாலுள்ளவற்றுக்கு 25. ஜப்பானிலிருந்து வரும் பின்கண்ணாடி ஏற்கெனவே கறுப்பு. கண்ணாடி 30 சதவீதம் விடுகிறது என்று வைத்துக்கொண்டால், 70 சதவீத ஃபிலிம் ஒட்டியதும் 21 ஆகிவிடும், சோதனையில் விழும். முன்னாலும் அப்படித்தான்: 80-ஐ 85 சதவீதத்தால் பெருக்கினால் 68. ஒட்டுவதற்கு முன் வெறும் கண்ணாடியை மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். பின்னால் எதுவும் ஒட்டாமல் விட்டோம்.

17 அங்குலத்திலிருந்து 18-க்குப் போனோம். 215/55ஆர்17-க்குப் பதில் 225/45ஆர்18, விட்டம் 1.3 சதவீதம் குறைவு, அது பரவாயில்லை. பாரக் குறியீடுதான் முக்கியம். பழையது 94, அதாவது ஒரு டயருக்கு 670 கிலோ. புதிய அளவில் சாதாரண டயர் 91, வெறும் 615 கிலோ. ஏழு பேர் உட்காரும் வண்டிக்கு அது சரிவராது; 95 குறியீடுள்ள எக்ஸ்எல் (கூடுதல் பாரம் தாங்கும்) டயர் வாங்கி, காற்றும் அதற்கேற்பக் கூட்டினோம். நட்டும் மாறவேண்டும்: டொயோட்டாவின் அலாய்க்கு வாஷர் வைத்த தட்டை நட்டு, வெளிச்சந்தை ரிம்முக்குக் கூம்பு நட்டு. பழையதையே போட்டால் உட்காராது, தளர்ந்துவிடும். ரிம்மின் நடுத் துளைக்கான மத்தி வளையம் 60.1 மில்லிமீட்டர், நட்டின் முறுக்கு 103 நியூட்டன் மீட்டர், 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு முறை முறுக்கவேண்டும். ஃபெண்டருக்கு வெளியே ரிம்மோ டயரோ துருத்தக்கூடாது.

வலது நடு உருளையில் லேசான ஆட்டம் தொடங்கியிருக்கிறது. அடுத்த சோதனைக்கு முன் அது மாறும், அதோடு பின் ஏசிக் குழாயின் மற்ற இணைப்புகளையும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவேண்டும்.